தாரிகா மறுத்த தாரிகாவின் திருத்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் தொடர்மாடி ஒன்றில் தாரிகா குடியிருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. கோபக்காரி என்று பெயர். அவதூறு அல்ல; தொடர்மாடிச் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்களை வாசித்தவர்களின் ஒருமித்த கருத்து.

வேலை கொம்பனித்தெருவில், ஒரு புதிய கோபுரத்தின் பதினோராம் மாடியில். கேர்னலுக்கு நிரல் எழுதுகிறார். கேர்னல் என்பது கணினி இயங்குதளத்தின் அடிக்கட்டு. ஓடும்வரை எவரும் கவனிப்பதில்லை, பழுதானால் எல்லோரும் ஏசுவார்கள். அவருடைய சுபாவத்துக்கு ஏற்ற உத்தியோகம்.

ஒன்றரை வருடமாக அவர் கட்டிக்கொண்டிருந்தது இது. நாம் ஒரு கோப்பை அழித்தால், அது இருந்த இடம் இனி வேண்டாம், துடைத்துவிடு என்று டிஸ்க்குக்கு அறிவிக்க வேண்டும். டிஸ்க் பதில் சொல்லும்வரை நின்றால் மற்ற வேலையெல்லாம் தேங்கிவிடும். ஆகவே அறிவித்தல்களை வரிசையில் போட்டுவைத்து, டிஸ்க் சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றாக அனுப்புவது தாரிகாவின் திட்டம். ஒரேயொரு நிபந்தனை: டிஸ்க் பதில் சொல்லும்வரை அந்த இடத்தை வேறெதற்கும் கொடுக்கக் கூடாது.

அந்த நிபந்தனையால்தான் வினை வந்தது. டிஸ்க் நிரம்பும் தறுவாயில், இடம் இருந்தும் இல்லை என்று சொல்லிச் சோதனை நின்றது. மேலாளர் றெஜி கொட்டாஞ்சேனைக்காரர், தாரிகாவைவிட எட்டு வயது இளையவர், ஒருவரோடும் சண்டை பிடிக்காதவர், ஆகவே மேலாளர். தாரிகா லீவில் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, அவர் நிபந்தனையைத் தூக்கி எறிந்துவிட்டு, கேர்னல்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பொது மின்னஞ்சல் குழுவுக்குத் தாரிகாவின் நிரலை ஒரு திருத்தமாக அனுப்பிவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். றெஜி தாரிகாவின் பெயரை அப்படியே விட்டிருந்தார். மரியாதைக்காகவாம். அந்தக் குழுவுக்குப் போனதை எவராலும் அழிக்க முடியாது. அழிப்பதற்கென்று எழுதிய நிரலுக்கு இப்படியொரு இடம்.

திங்கட்கிழமை தாரிகா கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“ஆரைக் கேட்டு என்ர பேரோட அனுப்பினனீர்?”

“உங்கட வேலைதானே அக்கா. நான் நாலு வரிதான் வெட்டினேன்.”

“அந்த நாலு வரிதான் என்ர வேலை. மிச்சத்தை ஆரும் எழுதுவினம்.”

“ஸ்பீடைப் பாருங்க அக்கா, பறக்குது.”

“பறக்கும். எங்கட மூண்டாம் மாடியில சாமான் பறந்த மாதிரி.”

மூன்றாம் மாடிச் சம்பவம் வெள்ளவத்தைக்கே உரியது. வீட்டுச் சொந்தக்காரர் டொரொண்டோவில் இருக்கிறார். பழைய குடித்தனம் போனதும், மிச்சச் சாமான்களை அள்ளி எறியச் சொல்லி அங்கிருந்தே ஒருவருக்குப் போன் செய்தார். சாவி வைத்திருந்த அந்த மனிதர் “வாறன்” என்றார், வரவில்லை. சொன்னதை மறந்த சொந்தக்காரர், யோகேஸ்வரி என்ற ஆசிரியைக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து, யோகேஸ்வரி பள்ளிக்கூடம் போயிருந்த வேளையில் அந்த மனிதர் வந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்தார். கலியாண அல்பம் குப்பை லொறியில் போனது.

“அவன்ர பிழையா?” தாரிகா மேசையில் தட்டினார். “சொன்னதைத்தானே செய்தவன். டிஸ்க்கும் அப்பிடித்தான். புதுசா எழுதின ஆற்றையோ ஸ்கான் றிப்போட்டைத் துடைச்சுப்போட்டு, முடிஞ்சுது எண்டு பதிலும் சொல்லும். கீழ என்ர பேர் கிடக்கும்!”

றெஜி சிரித்தார். அது பிழை. “அதுக்கு ஏன் அக்கா வீட்டைப் பூட்டி வைக்கணும்? புது ஆக்கள் வர முந்தி அந்தாளுக்கு ஒரு போன் கோல் எடுத்து, வராதேன்னு சொன்னா முடிஞ்சுதே.”

தாரிகா கைப்பையை மெல்ல இறக்கி வைத்தார். பக்கத்து மேசை நிஹ்லா பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

றெஜி சொன்ன விஷயம் சரி. வரிசையில் காத்திருக்கும் அறிவித்தலை இழுத்து எறிந்துவிட்டால், அந்த இடத்தை உடனேயே கொடுத்துவிடலாம். டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தவற்றுக்கு மட்டும் காத்திருந்தால் போதும். ஒன்றரை வருடமாகத் தனக்குத் தோன்றாதது, நிபந்தனை எதற்கென்றே விளங்காத ஒருவருக்குப் பகிடியாகத் தோன்றியிருக்கிறது. கோபம் இப்போது இரட்டிப்பானது. ஆனால் அதில் பாதியை றெஜியின் மேல் போட வழியில்லை.

முதலில் குழுவுக்கு எழுதினார்: “இதில் இருப்பது என் பெயர். இப்படி நான் எழுதவில்லை. இது தரவை அழிக்கும். ஏற்க வேண்டாம்.” தன் பெயரில் வந்ததைத் தானே மறுக்கிறார் என்று ஒரு ஜெர்மன்காரர் குழம்பி, உண்மையில் எழுதியது யார் என்று விசாரித்தார். அவருக்கும் சூடாக ஒரு பதில் போனது.

ஒன்பது நாளில் புதிய திருத்தம் தயார். குழுவின் இன்னொரு வழக்கம், யோசனை சொன்னவரின் பெயரையும் ஒரு வரியில் குறிப்பது. தாரிகா றெஜியின் பெயரை அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார்.

“போடாட்டி யாருக்கு அக்கா வெளங்கப் போகுது?” என்றார் நிஹ்லா.

“எனக்குத் தெரியுமே! விசர்க்கதை கதையாதையும்.”

பெயரோடு அனுப்பினார். மூன்றாம் கிழமை ஏற்றுக்கொண்டார்கள். றெஜி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“அக்கா, என்ட பேர் கேர்னல்ல! அம்மாவுக்கும் காட்டிட்டேன்.”

“உமக்காகப் போடேல்லை. அது முறை.”

“சரி அக்கா, சரி.” போனை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். “ஆனா, இனிஷியல் போடல்லையே.”

தாரிகா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். நிஹ்லா ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.