ஒற்றை ஆள் இழுவைத்தடி

பாரம் குறைந்த இழுவைத்தடி ஒன்று வேண்டும் என்று என் கணவர் கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு ஆள் தனிய இழுக்கக்கூடியதாப் பாரும். மடிச்சு விமானத்துக்கை வைக்கக்கூடியதா இருக்கவேணும்," என்றார். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் கொளுவி, எஞ்சினைத் தொடக்காமல் அதைத் தரையில் இழுக்கவும் திருப்பவும் பயன்படும் தடியைத்தான் நாங்கள் இழுவைத்தடி என்போம். டோர்வல் விமான நிலையத்தின் ஓடுதளப் பக்கத்தில் நான் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே இருக்கும் தடிகள் ஒரு வீட்டுக் கூரையின் வளைமரத்தைப் போல நீளமானவை. டிராக்டர்தான் அவற்றை இழுக்கும். கொளுவுவதும் கழற்றுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் எங்கள் சின்ன விமானத்துக்குத் தடி தெரிவுசெய்வதும் என் பொறுப்பாயிற்று.

எங்கள் விமானம் இரண்டு பேர் இருக்கும் அலுமினிய விமானம். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை நாங்களே பூட்டிக் கட்டியது. ஒன்பது வருடம் எடுத்தது. நாங்கள் இருப்பது நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அபார்ட்மென்டின் நாலாம் மாடி. அவர் பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் திருத்துகிறார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரைத் தாண்டிப் பாலம் கடந்து போனால் வரும் சிறிய விமானத் திடலில், ஒரு கொட்டகையின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அவர் அடிக்க, தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தவள் நான். ஓட்டும் உரிமம் எடுத்தவர் அவர். வலது பக்க இருக்கை என்னுடையது.

கொட்டகையில் முன்பு இருந்தவர் விட்டுப்போன இரும்புத் தடி ஒன்று எங்களிடம் இருந்தது. அலவாங்கு போலப் பாரம். என் கணவர் அதைக் கொளுவி இழுப்பார், நான் பின்னால் நின்று தள்ளுவேன். எப்போதும் இரண்டு பேர் செய்யும் வேலை அது.

பிறகு ஏன் ஒரு ஆள் இழுக்கிற தடி? ஏன் மடித்து உள்ளே வைக்கவேண்டும்? கொட்டகையில் மட்டும் தேவையென்றால் அது கொட்டகையிலேயே கிடக்கலாம். உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் வேறெங்கோ தேவைப்படுகிறது. அந்த வேறெங்கோவுக்கு நான் வரப்போவதில்லை.

"ஓம், பாக்கிறன்," என்று மட்டும் சொன்னேன்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. விமானம் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நாங்கள் ஒருமுறை சுற்றி வந்து பார்ப்போம். அந்தச் சனிக்கிழமை அவர் பக்கத்துக் கொட்டகைக்காரரோடு கதைக்கப் போன நேரம் பார்த்து நான் சுற்றி வந்தேன்.

முதலில் உள்ளே ஏறி எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். பிறகு பறப்புப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசியாக எழுதியிருந்தது முந்திய ஞாயிறு நாங்கள் இருவரும் பறந்தது. புத்தகத்தின் கூட்டுத்தொகையை விட மீட்டர் இரண்டரை மணித்தியாலம் கூடுதலாகக் காட்டியது. கையால் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மீண்டும் இரண்டரைதான் வந்தது.

மூக்குச் சக்கரத்தின் மூடிக்குள் காய்ந்த புல் ஒட்டியிருந்தது. எங்கள் திடல் முழுவதும் தார். சக்கரத்தைத் தாங்கும் காலில் ஓரிடத்தில் பூச்சு உரசியிருந்தது. விரலால் தடவியபோது நீல நைலோன் நார் இரண்டு கையோடு வந்தன. யாரோ அதில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

புதன்கிழமைகளில் அவருக்கு ஓய்வு. எனக்கு வேலை. "வயர் வேலை கொஞ்சம் கிடக்கு" என்று சொல்லித் தனியே கொட்டகைக்குப் போய்வருவார். நான் நம்பியிருந்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வலது இருக்கைக்குரிய காதுக்கருவியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தலைமயிர் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்று இருந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. என்னுடையதுதான். சாயம் பூசி ஒரு மாதமாகியிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது நார் இரண்டையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை. தடி தேடினேன், அவரையும் கவனித்தேன்.

முதலில் அகப்பட்டது கார்பன் குழாயில் செய்த ஒரு தடி. இணையக் குழு ஒன்றில் போட்டிருந்தார்கள். விற்பவர் சென்ட்-ஆனில் ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்துக்கு வரச் சொன்னார். நாங்கள் இருவரும் போனோம். ஒரு கிலோவும் இல்லை, ஒரு விரலால் தூக்கலாம் என்று தூக்கிக் காட்டினார். நான் வாங்கி இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினேன். குழாயும் உலோகமும் ஒட்டுகிற இடத்தில் 'டிக்' என்றது.

"அப்படித்தான் கேட்கும், புதிதில்," என்றார் விற்பவர்.

ஒட்டு விடும்போது வரும் சத்தம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என் கணவர், "பரவாயில்லையப்பா, பாரமில்லைத்தானே, எடுப்பம்," என்றார். ஒரு ரிவெட் தலை கொஞ்சம் சாய்ந்தாலும் துளைத்து எடுத்துப் புதிதாக அடிக்கிற மனிதர் அவர். அவருக்கு ஏன் இந்த அவசரம்?

இரண்டாவதாக நான் பார்த்தது மடிக்கும் அலுமினியத் தடி. அதன் இரண்டு கைகளும் சக்கர அச்சின் இரண்டு முனைகளிலும் பிடிக்கும். வாங்குவதற்கு முன் அச்சின் சரியான அகலம் தெரியவேண்டும். அடுத்த சனிக்கிழமை கொட்டகையில், "சக்கர மூடியைக் கழட்டுங்கோ, அளக்கவேணும்," என்றேன்.

"கழட்டத் தேவையில்லை. வரைபடத்திலை அளவு கிடக்கு."

"வரைபடத்தை நான் நம்பேல்லை."

"வீணா ஏனப்பா? பேந்து பாப்பம்."

நான் திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்தினேன். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. நாலு திருகாணி கழன்றதும் மூடிக்குள்ளிருந்து காய்ந்த சேறு கட்டியாக விழுந்தது. சட்டைப்பையில் இருந்த நீல நாரை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது ஆரின்ரை கயிறு?"

அவர் நாரை எடுத்துப் பார்த்தார். பிறகு எதிரே குந்தினார்.

"நான் தனியப் போனனான்," என்றார். "ஒரு புதன்கிழமை. தெற்கிலை ஒரு தோட்டக்காரி புல்லுத் திடல் வைச்சிருக்கிறா, ஆரும் இறங்கலாம் எண்டு கேள்விப்பட்டனான். புல்லிலை இறங்கிப் பழகவேணும் எண்டு நினைச்சன். கொஞ்சம் பிந்தித்தான் நிலத்தைத் தொட்டது. திடலின்ரை கடைசிப் பக்கம் ஈரம். மூக்குச் சில்லு புதைஞ்சிட்டுது."

"பேந்து?"

"தள்ளிப் பாத்தன். அசையேல்லை. தடியும் கையிலை இல்லை. அவ டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தவ. மெல்லமாத்தான் இழுத்தவ."

"இழுத்தாப் பிறகு காலைக் கழட்டிப் பாத்தனீங்களோ?"

"மேலாலை பாத்தனான்."

"கழட்டி?"

இல்லை என்று தலையை ஆட்டினார். நான் மனதில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் புதன். அதற்கு நாலாம் நாள் ஞாயிறு.

"அந்த ஞாயிறு என்னை ஏத்திக்கொண்டு போனனீங்கள்."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பேந்து ஏறமாட்டீர் எண்டு பயந்தனான்."

நான் கத்தவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கு வைத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையைத் துணியால் துடைத்து, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். இரும்பை உருக்கி ஒட்டிய இடம் முடிகிற மூலையில் மயிர் போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பூச்சில் விழுந்த கீறல் என்றால் பூச்சோடு நிற்கும். இது வெடிப்பு, இரும்புக்குள் இறங்கியிருந்தது.

அவரிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அந்த ஞாயிறு காற்றுக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. இறங்கும்போது ஒருதரம் துள்ளி இரண்டாம் தரம்தான் நிலைத்தோம். நான் சிரித்தேன் என்பது ஞாபகம். அந்தக் கோட்டின் மேல்தான் அன்று துள்ளியிருக்கிறோம்.



அந்தக் கோடை முழுவதும் விமானம் பறக்கவில்லை. புதுக் கவை வரவழைத்தோம். எஞ்சினைத் தாங்கும் சட்டம் வரைக்கும் கழற்றி, அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிவந்து பார்க்கவைத்தோம். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது.

ஆனால் எனக்கு அவர் சொன்ன கதை முழுதும் சரிதானா என்ற எண்ணம் போகவில்லை. ஒருமுறை மறைத்தவர் பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொள்ளமாட்டார் என்று என்ன நிச்சயம்? "அந்தத் தோட்டக்காரிக்கு நன்றி சொல்லவேணும், காரிலை போவம்," என்றேன். நன்றி சொல்வதற்காக மட்டும் நான் போகவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். மறுக்காமல் வந்தார்.

எழுபது வயதிருக்கும் பெண். சோளக் காட்டுக்கு நடுவே வீடு. என் பிரெஞ்சு வேலைத்தளத்துப் பிரெஞ்சு, ஆனால் விளங்கிக்கொண்டார். என் கணவரைக் கண்டதும் சிரித்தார்.

"இவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தனியே தள்ளிப் பார்த்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்," என்றார். "உடனே போகவில்லை. விமானத்தைத் திருடிக்கொண்டு வந்தவரோ என்று சந்தேகம். இறக்கையில் இருந்த எழுத்துகளை ஒரு கடதாசியில் எழுதி வைத்தேன்."

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது.

"யாரோடு வந்தார்?" என்று கேட்டேன்.

"தனியே. தள்ளுவார், பிறகு போனை எடுத்துக் காதில் வைப்பார். யாரும் எடுக்கவில்லை போல. மறுபடி தள்ளுவார்."

வேலை நேரத்தில் என் போன் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை அவரிடமிருந்து மூன்று அழைப்பு வந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பால் வாங்கிக்கொண்டு வரவோ எண்டு கேக்கத்தான்," என்றார். வீட்டில் பால் இருந்தது. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

காருக்குள் வந்து இருந்ததும் அவரைப் பார்த்தேன். "எனக்குத்தானே முதல் எடுத்தனீங்கள்?"

"வேறை ஆருக்கு எடுக்கிறது?" என்றார். இவ்வளவு நாளில் முதல்தடவையாக அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தடியை நான்தான் தெரிவுசெய்தேன். அவர் கேட்டதை விடச் சற்றுப் பாரமான, இரண்டு கிலோவுக்கு மேலான அலுமினியத் தடி. இரண்டாக மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் படுக்கும். டோர்வலில் எங்கள் பெரிய தடிகளில் ஒரு மெல்லிய முளை இருக்கும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அந்த முளை முறியும், விமானத்தின் கால் தப்பும். அதே மாதிரி இதிலும் கைப்பிடியைப் பூட்டும் இடத்தில் வேண்டுமென்றே மெல்லிய முளை ஒன்று போடவைத்தேன்.

செப்டம்பரில் ஒரு காலை அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "இண்டைக்குத் தனியப் போறன். தோட்டக்காரியின்ரை திடலுக்கு," என்றார். "தடி உள்ளுக்கை கிடக்கு."

"சரி," என்றேன்.

பதினொரு மணி இடைவேளையில் பெட்டியைத் திறந்து போனை எடுத்து அழைத்தேன். இரண்டாம் மணியில் எடுத்தார். இறங்கிவிட்டதாகவும், விமானத்தைத் தனியே இழுத்து வேலியோரம் விட்டுவிட்டதாகவும், தடி நன்றாக இழுப்பதாகவும் சொன்னார்.

"சில்லு புதையேல்லையோ?"

"இல்லையப்பா."

"அந்த மனிசி பக்கத்திலை நிக்கிறாவோ?"

"ஓம், நிக்கிறா."

"அவவிட்டைப் போனைக் குடுங்கோ," என்றேன்.

உடனே கொடுத்தார்.