வீட்டுக்காரரிடம் கேட்ட எட்டுக் கேள்விகள்

மறதிப் பரிசோதனை எனக்குத்தான் நடந்தது. அதில் முதலில் தோற்றவர் என் வீட்டுக்காரர்.

தைப்பூசம் முடிந்த வாரம். கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக்குக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தோம். வயதானவர்களுக்கு டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கும் திறனும் மெல்லக் குறைந்துகொண்டே போகும் நோய்) இருக்கிறதா என்று அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அறுபத்தாறு வயது. உட்கார வைத்துவிட்டார்கள்.

மிஸ்ஸி (நர்ஸ்) ஐந்து சொற்களைச் சொல்லி, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரம் சரியாக வந்தது. முப்பத்தொரு வருஷம் பாயான் லெப்பாஸ் பாக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவள் நான். ஐந்து சொற்களில் இரண்டுதான் திரும்பி வந்தன. முப்பதுக்கு இருபத்திரண்டு.

டாக்டர் இளம் தமிழ்ப் பெண். தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இந்த மாதிரி நோயில் நோயாளிக்குத் தன் மறதியே மறந்துபோகும், கூட இருப்பவர் சொல்வதை வைத்துத்தான் மேலே போகவேண்டும் என்று விளக்கினார். கேட்கவேண்டிய கேள்விகள் எட்டு, ஓர் அச்சடித்த தாளில் இருந்தன.

"ஆண்ட்டி ஒரே விஷயத்த திரும்பத் திரும்பச் சொல்றாங்களா அங்கிள்?"

"பொம்பளைங்க எல்லாம் அப்படித்தானே டாக்டர்."

"சமையல்ல ஏதாச்சும் மாற்றம்?"

"ஓகே லா. நல்லாத்தான் சமைக்கிறா."

"நாள், மாசம் தப்பாச் சொல்றாங்களா?"

"அதெல்லாம் அவதான் எனக்குச் சொல்வா."

இப்படியே எட்டும் முடிந்தன. எட்டுக்கும் 'மாற்றம் இல்லை'. டாக்டர் விடாமல் எங்கள் மகனுக்கும் போன் போட்டார். அவன் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடல் பாலம் கடந்து வந்து, சாப்பிட்டு, டப்பாக்களில் குழம்பைக் கட்டிக்கொண்டு போவான். அவனும் "அம்மா ஓகே டாக்டர், வயசாவுதுல்ல" என்றான். தூக்கம் சரியில்லாததாக இருக்கலாம், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு ஆண்கள் அடித்துச் சொன்னதை நம்பியது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

இனி ஓர் உப்பு டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் 'நல்லாத்தான் சமைக்கிறா' என்று சொன்ன அந்த நாளில், எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓர் உப்பு டப்பா வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் வாங்கியதல்ல. சாம்பாரில் உப்பில்லை, ரசத்தில் உப்பில்லை. ஒருநாள் உப்புமாவில் ஒரு பிடி விழுந்திருக்கிறது. மனிதர் கடைக்குப் போய் மூடியில் ஓட்டை போட்ட டப்பா ஒன்றை வாங்கி, நிரப்பி, தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் தானாகப் போய் வீட்டுக்கென்று வாங்கிய ஒரே சாமான் அது.

மகன் கதை இன்னும் மோசம். அவன் கொண்டுபோன குழம்பில் மருமகள் மாதக்கணக்கில் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுமாம். எவ்வளவு நல்ல பிள்ளைகள்.

பாக்டரியில் என் வேலையே பார்ப்பதுதான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, சிப்பில் கீறல் இருக்கிறதா, மயிரிழைக் கம்பி விலகியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கவேண்டும். அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்ய என் வீட்டில் ஆளில்லை. தட்டில் வந்ததைப் பார்த்தார்கள், போட்டவளைப் பார்க்கவில்லை. அப்படிப் பழக்கியவளும் நான்தான். கேட்குமுன் தண்ணீர், தேடுமுன் சட்டை என்று கொடுத்துக் கொடுத்து ஒரு மனிதரின் கண்ணை அவித்துவைத்திருந்தேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

அடுத்த ஏழு மாதத்தைப் பற்றி நான் எழுதுவது எல்லாமே கேட்டு எழுதுவது. சொன்னவள் எதிர்வீட்டு ஹமீதா.

ஹமீதாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறாள். கிரில் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்காவது மாடியில் யார் எங்கே போகிறார்கள், பையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கணக்கெடுப்பாள். ஊர் வம்பு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்தால் கதவைச் சாத்துவேன். 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேனாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். மதியம் ஒன்றரை மணிக்கு நான் நைட்டியோடு கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் கண்ணயர்ந்திருந்தார். கதவு திறந்து கிடந்தது. துணி காயப்போட வந்த ஹமீதா மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்திருக்கிறாள்.

"அக்கா, என்ன இங்க நிக்கிறீங்க?"

"பாக்டரி பஸ் வரணும். இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்."

நான் பாக்டரியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. என் வீட்டு ஆட்களாக இருந்தால் 'என்ன உளர்ற' என்று ஆரம்பித்திருப்பார்கள். ஹமீதா கெட்டிக்காரி. "பஸ் இன்னிக்கு வராதாம் அக்கா, நான் கார் கூப்பிட்டுருக்கேன், ஏறுங்க" என்று சொல்லி, தன் துப்பட்டாவை என் தோளில் போர்த்தி, வாடகைக் காரில் நேரே கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். காரில் ஏறிய பிறகுதான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாளாம். அவர் நான் சமையலறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அதே டாக்டர். அதே எட்டுக் கேள்வித் தாள். ஹமீதா அதை எடுக்கவே விடவில்லை.

"நான் ஒன்னொன்னாச் சொல்றேன் டாக்டர், நீங்க எழுதிக்குங்க. பெருநாளைக்கு நான் பலகாரம் கொடுத்தேன். மறுநாள் டப்பாவத் திருப்பிக் கொடுத்தாங்க. அதுக்கு மறுநாள் வந்து இன்னொரு டப்பா, இது உன்னோடதுன்னாங்க. அப்புறம் இன்னொன்னு. ரெண்டும் அவங்க வீட்டு டப்பா. இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"சரி, வேற?"

"காய் வாங்க பாசார் போறேன்னு பூட்டிட்டு இறங்குவாங்க. பாதிப் படியில திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாங்க. ஒரு நாள் ஆறு தடவ. போன மாசத்துலேர்ந்து நடையே சரியில்ல. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, கால அகட்டி அகட்டி வைக்கிறாங்க. அன்னிக்கு ஒரு செருப்பு படியிலயே கழண்டுடுச்சு. ஒத்தச் செருப்போட வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. நான் சொல்ற வரைக்கும் அவங்களுக்குத் தெரியல டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாராம். செருப்பு கழன்றது தெரியவில்லையா என்று மறுபடி கேட்டாராம். பிறகு என் கால் கட்டைவிரலில் ஓர் இரும்புக் கவையை அதிரவிட்டு வைத்து, அதிர்வது தெரிகிறதா என்றார். இது எனக்கே மங்கலாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரத்தத்தில் பி12 (நரம்புகளும் மூளையும் வேலை செய்யத் தேவையான வைட்டமின்) அடிமட்டத்தில் இருந்தது. நான் பதினான்கு வருஷமாக மெட்ஃபோர்மின் (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறேன். பல வருஷம் சாப்பிட்டால் அது சிலருக்குப் பி12 உடம்பில் சேருவதைக் குறைத்துவிடுமாம். பத்து வருஷமாக நான் சைவம் வேறு. இரண்டும் சேர்ந்து, உள்ளே இருந்த கையிருப்பைக் காலி செய்துவிட்டன. மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. பிறகு வாரம் ஒன்று. இப்போது மாதம் ஒன்று. ஆறாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் கண் விழித்ததும் அன்று வியாழக்கிழமை என்று தானாகத் தெரிந்தது. படுத்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாபகம் பெரும்பகுதி திரும்பிவிட்டது. பாதங்கள் திரும்பவில்லை. நியூரோப்பதி (நரம்புகள் கெட்டு உணர்ச்சி போவது) முழுதாகச் சரியாகுமா என்று டாக்டரைக் கேட்டேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார்.

"கொஞ்சம் சரியாகலாம் ஆண்ட்டி. ரொம்ப நாள் கவனிக்காம விட்ட நரம்பு முழுசா வராது."

"தைப்பூசத்துக்கு வந்தப்பவே கண்டுபிடிச்சிருந்தா?"

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். "அப்போ காலுக்கு வந்திருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

காரில் திரும்பும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உப்பு இல்லன்னு தெரிஞ்சுதானே டப்பா வாங்குனீங்க. ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். "அதுக்குத்தான் டப்பா வாங்கியாச்சே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது. அந்தப் பதிலைச் சொன்னதைவிட அவர் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம்.

விஷயம் பரவியதும் உறவுகள் வந்தன. நாத்தனார் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு கிலோ பாதாம் பருப்போடு வந்து, மூளைக்கு வேலை கொடுக்கவேண்டும், சும்மா இருந்தால்தான் இதெல்லாம் வரும் என்றார். நான் சும்மா இருந்ததை அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருவர் வல்லாரை மாத்திரை கொடுத்தார். கால் மரத்துப்போயிருக்கிறது என்றேன். அதற்கும் அதுவே நல்லது என்றார்.

வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒன்று ஆரம்பித்தார். தினமும் காலையில் நாளிதழோடு வந்து "இன்னிக்கு என்ன தேதி சொல்லு" என்பார். நான் சொன்னதும் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். தாள் இல்லாமல் அவருக்கும் தெரியாது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பதிலுக்கு நான் அவரிடம் என் இரத்த அழுத்த மாத்திரையின் நிறம் என்ன என்று கேட்டேன். அன்றோடு அந்தப் பரிசோதனை நின்றது.

இதே பரிசோதனை வாசலில் நிற்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். பரிசோதனைக்குப் போகப் பயப்படாதீர்கள். மறதி எல்லாமே டிமென்ஷியா இல்லை, சில மறதிக்கு ஊசி இருக்கிறது. ஆனால் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று யோசியுங்கள். கூட வசிப்பவர் எல்லாம் கூட இருப்பவர் ஆகிவிட மாட்டார். காய்கறிக்காரியோ, கோயிலில் பக்கத்தில் உட்காருபவரோ, நீங்கள் மதிக்காத எதிர்வீட்டுக்காரியோ, உங்களைப் பார்க்கிறவர் யாரோ அவரைக் கூட்டிப்போங்கள். ஊர் என்ன நினைக்கும் என்பதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பி12 ஏறிய பிறகும் மறதி மிச்சம் இருக்கிறதா, அது வேறு எதன் தொடக்கமா என்று பார்க்கவேண்டுமாம். அதன் முடிவுதான் இப்போது என் தலைமேல் இருக்கிறது. மிச்சம் இருந்தால் அதற்கு ஊசி இல்லை.

போன வாரம் போனோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், ஹமீதா பின்னால் உட்கார்ந்து வந்தாள். மிஸ்ஸி ஒரு ஃபாரம் கொடுத்தார். நோயாளியை நன்கு அறிந்தவர் பெயர், உறவு, கைத்தொலைபேசி எண். பேனாவை வாங்கி ஹமீதாவின் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'எதிர்வீடு' என்று எழுதினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஏன் தனம், நான் இங்கதானே உக்காந்துருக்கேன்?"

"ஆமா," என்றேன். "உக்காந்துதான் இருக்கீங்க."

மிஸ்ஸி குனிந்துகொண்டார். ஹமீதா எதையோ தேடுவதுபோலப் பையைத் துழாவினாள். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வந்தது என்பதற்காகப் பெயரை அடிக்கவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். பரிசோதனை அறை நடைவழியின் கடைசியில் இருக்கிறது. எழுந்து நின்றேன். தரை இருக்கிறதா என்று என் பாதங்கள் எனக்குச் சொல்வதில்லை. குனிந்து பார்த்தால்தான் நிற்கிறேன் என்று தெரியும். குனிந்துகொண்டே நடந்தால் எதிரே வருகிறவர்மேல் மோதவேண்டும். ஹமீதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நேராப் பாருங்கக்கா" என்றாள். அவள் என் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.