ஐம்பது டியூப்களில் பங்கு வைத்த புரதம்

குப்பியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்த செல்வி, "என்னண்ணே, உள்ள ஒண்ணுமே இல்ல!" என்று பதறிப்போனாள்.

"இருக்கு, இருக்கு. கண்ணுக்குத் தெரியிற அளவு வாங்கணும்னா நம்ம காலேஜை வித்தாலும் காணாது" என்றேன்.

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் நான். செல்வி அங்கே பிஎச்.டி. செய்ய வந்த பெண். திருவாதவூர்க்காரி. அவள் வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். குப்பியில் இருந்தது மனித வளர்ச்சிப் புரதம் ஒன்று. மனிதனிடமிருந்து எடுப்பதில்லை. அதற்கான ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்து, சுத்தம் செய்து, உலர்த்தி அனுப்புவார்கள். ஆய்வுக்கு மட்டும்தான், ஆளுக்குப் போடக் கூடாது. மொத்தம் நூறு மைக்ரோகிராம். ஒரு கல் உப்பு அதைவிடப் பல மடங்கு கனம்.

செல்வியின் ஆய்வு, புண் ஆற்றும் ஓர் இலைச்சாறு பற்றியது. தட்டில் தோல் செல்களை வளர்த்து நடுவில் ஒரு கோடு கீறுவாள். ஒரு தட்டுக்கு இலைச்சாறு, இன்னொன்றுக்கு இந்தப் புரதம். புரதம் போட்ட தட்டில் கீறல் கட்டாயம் சீக்கிரம் மூட வேண்டும். அதைத்தான் பாசிட்டிவ் கன்ட்ரோல் என்போம். அது மூடவில்லை என்றால், இலைச்சாறு என்ன வித்தை காட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

புரதத்தைக் கரைத்துக் கொடுப்பது என் வேலை. சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர். வருடத்துக்கு ஒரு குப்பிதான் வரும். அதனால் பஃபர் என்ற உப்புக்கரைசலைத் தாராளமாக ஊற்றி, நீர்க்க நீர்க்கக் கரைத்து, ஐம்பது பிளாஸ்டிக் டியூப்களில் பங்கு வைத்து ஃப்ரீசரில் அடுக்கினேன். வாரத்துக்கு ஒரு டியூப். குப்பியோடு வந்த தாளை நான் பிரிக்கக்கூட இல்லை. இத்தனை வருட சர்வீஸ்காரனுக்கு எதற்குத் தாள்?

கீறல் மூடவில்லை. செல்லை மாற்றினாள், மூடவில்லை. செல்லுக்கு ஊட்டும் மீடியத்தை மாற்றினாள். இன்குபேட்டரைத் துடைத்துத் துடைத்து அவள் கை தேய்ந்தது. அவளுடைய கைடு எங்கள் துறைத்தலைவர். ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்: "கன்ட்ரோலே வேலை செய்யலன்னா என்னம்மா அர்த்தம்? உன் கை சரியில்ல. இதெல்லாம் உனக்கு வராது, விட்டுரு."

நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

பதினோரு மாதம் இப்படிப் போனது. ஃபெலோஷிப் முடிய இருந்தது. ரிசல்ட் இல்லாமல் நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விலகல் கடிதம் கொடுப்பதாக முடிவு செய்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அடுத்த வருடக் குப்பி வந்தது. கையில் வேலை இல்லாததால் தாளைப் பிரித்தேன். நீர்க்கக் கரைத்தால் கூடவே ஆல்புமின் என்ற விலை குறைந்த புரதத்தையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புரதம் டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமும் அந்தப் பெண் தட்டில் ஊற்றியது வெறும் பஃபர். அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

புதுக் குப்பி என்னிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்பச் செய்திருக்கலாம். துறைத்தலைவர் அறை வரை போனேன். ரிட்டயர் ஆக எட்டு மாதம். மெமோ, விசாரணை, இத்தனை வருடம் சேர்த்த பெயர். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். புதன்கிழமையும் அதே கதைதான். வியாழக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லி, திருநகர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், எழுந்து மட்டும் போகவில்லை.

புதிதாக ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டே விஷயம்தான். குப்பியோடு வரும் தாளைப் படியுங்கள். தப்பு தெரிந்த அன்றைக்கே வாயைத் திறந்துவிடுங்கள், மறுநாள் திறக்காது. இந்த இரண்டாவது பாடம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வி தன் மேசையைத் துடைத்து, ஷெல்ஃபைக் காலி செய்துவிட்டு, வேலைக்குத் திரும்பியிருந்த என்னிடம் பையோடு வந்தாள்.

"வாரேண்ணே. எனக்காக அம்புட்டுப் பக்குவமாப் பிரிச்சு வச்சுக் குடுத்தீக. நான்தேன் எல்லாத்தையும் வீணாக்கிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீக."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி, பரவாயில்ல" என்று சொல்லி, அவளை நான் மன்னித்து அனுப்பினேன்.