ஸ்டெல்லா டீச்சரின் சுவர்கள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பார்கள். வரைந்த சித்திரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. அந்த வேலையைத்தான் நானும் இரண்டு நண்பர்களும் தலையில் போட்டுக்கொண்டோம். வார நாட்களில் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. லீவு நாட்களில் தெருச் சுவர் ஓவியங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது, மேலே ஒட்டிய போஸ்டரை உரிப்பது, வெளுத்த இடத்தில் வண்ணம் தொடுவது. ஈரத்துணியோடு போஸ்டர் முன்னால் குந்தியிருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், சேர்ந்தே அழலாம்.

எங்களை இதில் இழுத்துவிட்டவர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளியில் டிராயிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, லீவு விட்டால் சுவரைத் தேடிக் கிளம்பிவிடுவார். போன வருஷம் புற்றுநோயில் போய்விட்டார். அவர் வரைந்ததில் மிஞ்சியவை ஆவடியில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று, அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒன்று.

அம்பத்தூர் சுவரில் ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்களின் வரிசை. அதில் மஞ்சள் புடவையும் குடையுமாக நிற்பது டீச்சரேதான். திருநின்றவூரிலிருந்து அவர் கணவர் அந்தோணி சார் ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலேறி வந்து, அந்தச் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். கல்லறைக்குக்கூட அவர் அத்தனை முறை போனதில்லை.

கொக்கின் மேல் ஒரு அப்பா

ஆவடியில் டீச்சர் வரைந்தது ஏரியும் கொக்குகளும். ஒருநாள் போனால் கொக்குகளின் மேல் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர், மீசை வைத்த ஒரு பெரியவர் படத்தோடு. பசை காய்வதற்குள் எடுத்துவிட்டால் கொக்கு பிழைக்கும் என்று ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மொட்டைத் தலையோடு ஒரு பையன், செத்துப்போனவரின் மகன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடித்திருக்கலாம்.

"உங்க படம் எப்பவும் இங்கதான் கீது சார். எங்கப்பா இந்த செவுத்துல இன்னும் எத்தினி நாளு இருப்பாரு?"

சுத்தம் சோறு போடும்

அந்தப் போஸ்டரை நாங்கள் தொடவில்லை. அடுத்த மழையில் அதுவாகவே விழுந்தது. விழும்போது கொக்குகளையும் உரித்துக்கொண்டு போனது.

பூந்தமல்லியில் ஒரு லாரிப் பட்டறையின் காம்பவுண்டுச் சுவர். பூக்கட்டும் இரண்டு கைகளைப் பெரிதாக வரைந்திருந்தார் டீச்சர். அதன்மேல் வெற்றிலை எச்சில், அடியில் மூத்திரம். பட்டறை முதலாளியைப் பார்த்து, சுவரைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். தங்கமான மனுஷர், உடனே தலையாட்டினார். ஆயுத பூஜைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். கைகளும் இல்லை, பூவும் இல்லை, சுவர் பளபளவென்று வெள்ளையாக நின்றது. முதலாளி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன் சார், எச்சி கறை ஒண்ணுகூட தெரியாது. திருப்தியா?"

ரிசர்வ்டு

மிச்சம் அம்பத்தூர். தேர்தல் வாசனை அடித்தால் கட்சிக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பேரோடு 'ரிசர்வ்டு' என்று எழுதி இடம் பிடிப்பது நீங்கள் அறிந்ததே. போலீசுக்கும் சாமிக்கும் அடங்காதவர்கள்கூட அந்த எழுத்துக்கு மட்டும் அடங்குவார்கள். டீச்சர் சுவருக்கு இருபுறமும் பிடித்தாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் வட்டச் செயலாளர் பாபுவிடமே போய் நின்றேன். யார் வரைந்தது, யார் வந்து பார்க்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"நம்ம ஸ்டெல்லா டீச்சரா? எம் பொண்ணுக்கு கிளி போட கத்துக்குடுத்தவங்க தலைவா! நீ ஊட்டுக்குப் போ, எவனும் கை வெக்காம நா பாத்துக்கறேன்" என்றார். மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி சாரை ஸ்டேஷனில் அழைத்துக்கொண்டு, இனிமேல் பயமில்லை சார் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடுவில் அகலமாகச் சுண்ணாம்பு. அதன்மேல் ஆளுயர எழுத்தில் கட்சிப் பேர், பக்கத்தில் 'ரிசர்வ்டு'. மேலே குடை தெரிந்தது, கீழே செருப்புக் கால்கள் தெரிந்தன. நடுவில் யாரும் இல்லை. பாபு வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, "நானே நின்னு எழுத வெச்சேன் தலைவா, இனிமே எந்த கட்சிக்காரனும் இந்த பக்கம் வரமாட்டான்" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குத் திட்டவும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்தோணி சார் வழக்கம்போலவே கொஞ்ச நேரம் நின்றார். குடை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு பாபுவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடக்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்:

"அவ இருந்திருந்தா, எழுத்து கோணலா இருக்குன்னு அந்த ஆளைத் திட்டியிருப்பா சார்."

ஆக, என்னோடு சேர்ந்து அழ வந்தவர்களே, பழமொழியைக் குறை சொல்வதற்கில்லை: அம்பத்தூரில் சுவர் ரொம்பப் பத்திரமாக இருக்கிறது.