அப்பா வளர்த்த நாய்

அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கிவிடுவோம். மரியாதைக்காக அல்ல, நாய்க்காக. மணிச் சத்தம் காதில் விழுந்தால் அது பின்கட்டிலிருந்து வாசலுக்கு ஒரே பாய்ச்சலாக ஓடும். வழியில் நிற்பது ஆளா, தண்ணீர்க் குடமா என்றெல்லாம் பார்க்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு நடை குறுகல். நாயோ கன்றுக்குட்டி உயரம்.

அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் அவரிடம் விட்டுச்சென்ற நாய் அது. பெயர் பிரின்ஸ். அம்மா வாயில் 'பிரிஞ்சு' ஆயிற்று. அது யாரையும் கடித்ததில்லை. எங்களுக்கு வினையே அதுதான். தம்பியின் முன்பல் உடைந்தது, என் முழங்கால் கிழிந்தது, எல்லாமே அது ஆசையாய்த் தாவியதில் வந்தவை. கட்டிப்போடச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "தொர வீட்ல சுதந்திரமா வளந்த நாயி. நீங்கதான் பாத்து நடக்கணும்" என்பார். "கடிச்சிருந்தாலாவது வெரட்டியிருக்கலாம்" என்று அம்மா அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு மாலை அம்மா குழாயடியிலிருந்து வாளி நிறையத் தண்ணீரோடு சமையலறைப் படியேறிக்கொண்டிருந்தாள். மணி கேட்டது. நான் "அம்மா, தள்ளிக்குங்க!" என்று கத்துவதற்குள் நாய் அவள் கால்களுக்கிடையே புகுந்து ஓடிவிட்டது. அம்மா சிமெண்டுத் தரையில் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வாசலில் நாய் அப்பாவின் தோளில் கால் போட்டு முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

எலும்பு கட்டுகிற சீனச் சின்சேயிடம் கூட்டிப்போனார்கள். அவர் பச்சிலை அரைத்து வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துக் கட்டினார். கட்டுப் பிரித்தபோது கை கோணலாகவே கூடியிருந்தது. அதற்குள் சமையல், துணி, தம்பி எல்லாம் என் தலையில் வந்திருந்தன. "அம்மாவுக்குக் கை சரியாகட்டும், பெறகு பள்ளிக்கூடம் போலாம்" என்றார் அப்பா. நாய் மட்டும் கட்டப்படாமல் திரிந்தது. நான் குனிந்து அடுப்பூதும்போது முதுகில் வந்து ஏறும். விறகால் அடிக்க ஓங்கினால் விளையாட அழைக்கிறேன் என்று நினைத்து வாலை ஆட்டும். அழுகைதான் வரும்.

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அப்பா சொல்லி வந்த கதை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "ஈரத்தரையில வழுக்கிட்டா. அவசரக்காரி" என்று சொல்லி முடித்துவிடுவார். அம்மா பேசாமல் இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மேலதிகாரியான பெரிய கிராணி மனைவியோடு வந்திருந்தார். அப்பா அதே கதையைத் தொடங்கினார். காபித் தம்ளரை இடது கையால் நீட்டிய அம்மா நிமிர்ந்தாள்.

"நான் வழுக்கி விழலைங்க. இவங்க நாய் தள்ளிவிட்டுச்சு. இடது கையால காபி கொடுக்கறேன், தப்பா நெனைக்காதீங்க."

பெரிய கிராணியின் மனைவி எழுந்து வந்து தம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்பாவின் காதுகள் சிவந்தன. அடுத்த வாரமே கிள்ளானில் தோட்டமும் பரந்த வெளியும் உள்ள ஒரு நண்பரிடம் நாயைக் கொண்டுபோய் விட்டார். அங்கே அது நன்றாக ஓடித் திரிகிறது என்று வந்து சொன்னார். அம்மாவிடம் மன்னிப்பாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

"அப்ப நான் பள்ளிக்கூடம் போலாமாப்பா?" என்று கேட்டேன். அம்மாவின் கையைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும்" என்றார். அம்மா எனக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பலிக்கவில்லை.

இப்போது என் மகள் ஆசிரியை. அவளும் நாய் வளர்க்கிறாள், துடியான நாய். எனக்கு நாய் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தியதில்லை. நான் போகும் நாட்களில், கேட்காமலேயே, அதைக் கொல்லைத் தூணில் கட்டிவிட்டு வந்துதான் கதவைத் திறக்கிறாள். அப்பா இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யாததால்தான் என் அம்மாவின் கையும் என் படிப்பும் போயின.