கருத்துக் கேட்புக் கூட்டத்து மைக்

ஊரில் எல்லாரும் அவரை ஹலோ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்செட் வாடகைக்கு விடுகிற ஆள். எந்தக் கூட்டமானாலும் முதலில் மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்று சோதித்துப் பார்ப்பவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்த மைக்கில் வருகிற பொய்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று வெகுகாலமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நகராட்சிக் கூட்டம் என்றால் ஹலோதான், வேறு ஆள் கிடையாது. அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் உசத்தி என்பதால் அல்ல. அவை கரகரக்கும் கரகரப்பில் பேசுகிற எல்லாருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். காரணம் அவர் கை. பொதுமக்களில் யாராவது எழுந்து ஏடாகூடமாகக் கேட்க ஆரம்பித்தால், தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அதுதான் சைகை. மேடைக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஹலோ குமிழைத் திருகிச் சத்தத்தை இறக்குவார். ஒரேயடியாக அமுக்கினால் கூட்டம் கத்தும். மயிரிழை மயிரிழையாக இறக்கினால் பேசுகிறவருக்கே தன் தொண்டைமேல் சந்தேகம் வந்துவிடும். செருமுவார், தண்ணீர் கேட்பார், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். கழுத்தை நெரிக்கிற வேலைதான். கையில் ரத்தம் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கேவலத்தை ஹலோ வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்வார். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு அது வீட்டுக்குள்ளும் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் சாப்பிடும்போது அளவுக்கு மீறி அளந்தால், அவள் முந்தானையை எடுத்து, இல்லாத கண்ணாடியை மும்முரமாகத் துடைப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு தட்டைப் பார்ப்பார்.

அவளுக்கு நூல் மில்லில் வேலை. நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். "நான் பக்கத்துலதான் இருக்கேன், அடுத்த ஊர்ல இல்ல" என்பார் ஹலோ. "உங்க பொட்டிய விட என் தொண்ட தேவலை" என்பாள் அவள்.

மில் ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையில். அங்கே போகிற பெண்கள் நடந்தோ சைக்கிளிலோதான் போவார்கள். நடைபாதை என்று ஒன்று இல்லை. சாலை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளும் சாக்கடையும், இந்தப் பக்கம் லாரி. கோட்டின்மேல் நடக்கிறவர்கள் தங்களுக்கு ஆயுசு கெட்டி என்று நம்பிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் அப்படி நடந்துபோனபோது, ஹலோவின் மனைவிக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பெண்ணின் காலை ஒரு லாரிச் சக்கரம் நசுக்கிவிட்டது. இருவருக்கும் நடுவே ஒரு கை இடைவெளிதான் இருந்தது. அன்றிலிருந்து மனைவி மில்லுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஹலோ தெருமுனை வரை போய், அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

அப்படி இருக்கையில் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிப்பாதை. எங்கே போடலாம் என்று மக்களே சொல்லலாமாம். நகராட்சிக் கூடத்தில் ஊர்ப்படத்தைப் பெரிதாக ஒட்டி, பக்கத்தில் பச்சை ஸ்டிக்கர் பொட்டுகளை வைத்தார்கள். பாதை வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு பொட்டு ஒட்டலாம். மில் பெண்கள் வேலை முடிந்து கும்பலாக வந்து புறவழிச்சாலை நெடுக ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைசி வாரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"நான் பேசப் போறேன்" என்றாள் மனைவி.

"பேசு. ஆனா மில்லுல கத்துற மாதிரி கத்தாத. மைக்கு கிழிஞ்சிடும். நீ மெதுவாப் பேசு, மீதிய நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாள் வீட்டுக் கூடத்தில் கரண்டியை மைக்காகப் பிடித்துப் பேசிப் பழகினாள். வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று ஹலோ காட்டிக்கொடுத்தார். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு மெல்லப் பேசியது அப்போதுதான்.

கூட்டத்தன்று மாலை ஒயர் இழுக்க ஹலோ சீக்கிரமே போனார். கூடத்தில் யாரும் இல்லை, நகராட்சிப் பொறியாளரைத் தவிர. அவர் படத்தின் முன்னால் நின்று, புறவழிச்சாலையிலிருந்த பொட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து ஏரிக்கரையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். ஹலோவைப் பார்த்ததும் கொஞ்சமும் கூசாமல் சிரித்தார்.

"பாவம், மேப் பாக்கத் தெரியாம எடம் மாத்தி ஒட்டிட்டாங்க. டீ குடிச்சீங்களா?"

ஏரிக்கரையில் யார் யாருக்கு நிலம் இருக்கிறது என்பது ஊர் அறிந்த விஷயம். அங்கே விளக்கு வைத்து, நீரூற்று வைத்து, பாதை போடப் போகிறார்கள். காரில் போய் இறங்கி நடந்துவிட்டு, காரிலேயே திரும்பி வருவதற்கு. ஹலோவுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. ஆனாலும் டீயை வாங்கிக் குடித்தார். இன்றைக்கு அவள் பேசட்டும், ஊரே கேட்கட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். "ஹலோ... ஹலோ..."

கூடம் நிறைந்தது. தலைவர் மக்களே எஜமானர்கள் என்றார். பொறியாளர் படத்தைக் காட்டி, மக்களின் பேராதரவு ஏரிக்கரைக்கே என்றார். மில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹலோவின் மனைவி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். புருஷன் காட்டிக்கொடுத்தபடியே வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"நாங்க ஒட்டின பொட்டு அங்க இல்ல. புறவழிச்சாலையிலதான் ஒட்டினோம். எங்க கூட வேல செய்யற பொண்ணு கால் போயி வீட்ல கெடக்குது..."

மெதுவாகத்தான் பேசினாள். மூலையில் நின்றவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது. ஹலோ அவளைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக, யார் பேசினாலும் தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் தொழில். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார்.

ஹலோவின் கை இறக்கியது.

நினைத்துச் செய்யவில்லை. கொசு கடித்தால் கை தானாகப் போய் அடிப்பதில்லையா, அப்படிப் போனது. மயிரிழை மயிரிழையாக, வழக்கமான பக்குவத்தோடு இறக்கியது. மனைவி செருமினாள். மைக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு அவள் கண் தலைவரிடம் போனது, அவர் கையிலிருந்த கைக்குட்டைக்குப் போனது, அங்கிருந்து புருஷனிடம் வந்து நின்றது.

அவள் முந்தானையை எடுத்து, இல்லாத கண்ணாடியைத் துடைத்தாள்.

சிநேகிதியை நினைத்து அழுகிறாள் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. ஹலோவுக்கு அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பதறிப்போய் குமிழை ஒரேயடியாக மேலே திருகினார். பெட்டிகள் வீலென்று அலறின. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மைக்கு மக்கர் பண்ணுதும்மா, உங்க கருத்தக் குறிச்சுக்கிட்டோம், உக்காருங்க" என்றார் தலைவர். கண்ணாடி மூக்குக்குத் திரும்பியது. ஏரிக்கரைப் பாதை ஏகமனதாக நிறைவேறியது. மனைவி உட்காராமல் மில் பெண்களோடு வெளியே போனாள். அன்று அவர்களுக்கு இரவு ஷிப்ட்.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்து ஹலோவின் முதுகில் தட்டினார். "பொண்டாட்டின்னுகூடப் பாக்கல. தொழில்னா இதுய்யா!" அந்தக் கை பட்ட இடத்தில் சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது ஹலோவுக்கு. தன் கையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வேனை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலைக்கு விரட்டினார். அவள் வெள்ளைக் கோட்டின்மேல் போய்க்கொண்டிருந்தாள், முன்னும் பின்னும் மற்றவர்கள். வேனை நிறுத்திக் கதவைத் திறந்தார். அவள் திரும்பவில்லை. விளக்குகளை மினுக்கவிட்டு, அவள் நடைக்குச் சமமாகப் பின்னாலேயே ஊர்ந்தார். லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "இதென்னய்யா ரோட்டுல ஊர்வலம்?" என்று திட்டிவிட்டுப் போனான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓட்டினார்.

மில் வாசலில் அவள் நின்றாள். வேன் கண்ணாடியை இறக்கினார் ஹலோ. அவர் வாயைத் திறக்குமுன் அவள் பேசினாள், மில் குரலில். வாசல் காவலாளி, சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசு, மீதிய நான் பாத்துக்கறேன்னீங்களே. நல்லாப் பாத்துக்கிட்டீங்க."