செட்டுக்காரருக்குப் போட்ட துண்டு

செட்டு என்பது இங்கிலீஷ் வார்த்தை என்று பெரிய பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது எங்கள் வீட்டு வார்த்தை என்றே நினைத்திருந்தேன். ராஜபாளையத்தில் அப்பாவுக்கு மைக்செட்டு. ஊரே அவரைச் செட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். அகராதியில் அந்தச் சின்ன வார்த்தைக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கிறது என்று இங்கிலீஷ் டீச்சர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் அதற்கு என்ன குறைச்சல்? தோட்டத்தில் பம்ப்செட்டு. பரோட்டாக் கடையில் ஒரு செட்டு என்றால் இரண்டு. கம்மலும் நெக்லஸும் சேர்ந்தால் செட்டு. ஒன்றாகச் சுற்றும் பையன்கள் ஒரு செட்டு. தரை பூசிய கொத்தனார், செட்டாகும்வரை மிதிக்காதே என்று விரட்டுவார். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் செட்டாயிருச்சு என்றால் அந்த வீட்டில் கல்யாணம்.

அத்தனை அர்த்தத்திலும் ஒன்றே ஒன்றுதான் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. யாராவது யாரையாவது பார்த்து, உனக்கு இது செட்டாகாது என்று சொல்வது.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டு வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டும்போது அப்பா கீழே விழுந்தார். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். கூடமாட வேலை செய்த ஆளும் வேறு செட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அம்மன் கோயில் பொங்கல் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமத்துக் கோயில் அது. அப்பாதான் வருஷா வருஷம் அங்கே செட்டு கட்டுவார். அந்தக் கோயில் கைவிட்டுப் போனால் அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளும் கூடவே போய்விடும். எங்களுக்குச் சோறு போட்டதே அந்தக் கல்யாண வீடுகள்தான்.

கமிட்டித் தலைவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அம்மாவிடம் போனில் பேசினார்.

"ஏத்தா, ஏணில ஏறணும், மரத்துல கட்டணும். பொம்பளையாளுக்கு இதெல்லாம் செட்டாகாது. இந்தத் தடவ வில்லிபுத்தூர்ல வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

அம்மா, சரி அண்ணாச்சி என்று போனை வைத்தாள். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பாவம், அம்மாவை அவருக்குத் தெரியாது. போக வேண்டாம் என்று கட்டிலில் கிடந்தபடியே அப்பாவும் சொன்னார். அம்மா அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, வேறு ஆள் போய்ச் சேர்வதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றினாள். கூடவே என்னையும் தம்பியையும்.

களையெடுக்கப் போகும் பெண்களைப் போல, அப்பாவின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு அம்மா மரத்தில் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பதைப்பு. தலைவர் பல் விளக்கிக்கொண்டு கோயில் பக்கம் வந்தபோது குழாய் பாடிக்கொண்டிருந்தது.

"என்னத்தா இது, நான் என்ன சொன்னேன்?"

"கட்டியாச்சு அண்ணாச்சி. பிடிக்கலன்னா நீங்களே ஏறி அவுத்துக்கோங்க."

அவர் மரத்தைப் பார்த்தார், தன் தொந்தியைப் பார்த்தார், வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

பொங்கல் முடியும்வரை செட்டு ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை. நான் வயர் சுருட்டினேன், பென்டிரைவ் மாற்றினேன். தம்பி சின்னப் பையன். சுண்டல் தின்பதும் காலி ஸ்பீக்கர் பெட்டிக்குள் தூங்குவதுமாக அவனுக்குப் பொழுது போனது.

கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் வேலை பார்த்தவர்களுக்குத் துண்டு போடுவார்கள். வெறும் துண்டு இல்லை அது. யார் தோளில் அது விழுகிறதோ அவர்தான் அடுத்த வருஷமும் வர வேண்டும் என்று அர்த்தம். பூசாரி, மேளக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் என்று வரிசையாகப் போட்டு வந்த தலைவர், மைக்செட்டு என்றதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, செட்டுக்காரர் மகன் மேடைக்கு வரவும் என்றார்.

தம்பி தூக்கக் கலக்கத்தில் எழுந்து போனான். தலைவர் போட்ட துண்டு அவன் கால்வரை தொங்கியது. கூட்டம் கை தட்டியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. ஏணி பிடித்தவள் நான், துண்டு இவனுக்கா?

தலைவர் மேற்கொண்டு பேச வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அம்மா ஆம்ப்ளிஃபயரில் கை வைத்திருந்தாள். அவர் வாய் மட்டும் அசைய, கூட்டம் சிரித்தது. அம்மா எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள்.

"ஏட்டி, சத்தத்தக் கூட்டு!"

கூட்டினேன். எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு.

"மரத்துல ஏறிக் கட்டுனது நானு. எம் மகன் தூங்கிக்கிட்டு இருந்தான். துண்டு எனக்குத்தான் வரணும்."

தலைவர் நெளிந்தார். "ஆம்பள கையால பொம்பளைக்கு எப்படித்தா துண்டு போடுறது? மொறையில்லையே."

"தோள்ல போட வேண்டாம். கையில குடுங்க."

பெண்கள் பக்கமிருந்து யாரோ, "குடுங்களேன், அதுல என்ன?" என்று கத்தினார்கள். தலைவர் தம்பி கழுத்திலிருந்து துண்டை எடுத்து மடித்து அம்மா கையில் கொடுத்தார். தம்பி ஓவென்று அழுதான். அம்மா அவனைச் சமாதானப்படுத்தவே இல்லை. அடுத்த வருஷமும் வாரேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே துண்டு கிடைத்துவிட்டது என்று மட்டும் யாரோ அப்பாவுக்குப் போனில் சொல்லியிருந்தார்கள். அம்மா கையில் துண்டைப் பார்த்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் குடுத்துவிட்டாகளா?"

"இல்ல. எனக்குக் குடுத்தாக."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவர் தொடவில்லை. அம்மா இன்னொரு தரம் கூப்பிடவும் இல்லை. துண்டைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத் தன் சோற்றைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள்.

கால் வலி தாங்காமல்தான் அப்பா சாப்பிடவில்லை என்று நினைத்தேன். தைலத்தை எடுத்துக்கொண்டு போய், மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால் விரல்களில் வெகுநேரம் தேய்த்துவிட்டேன். வலி அங்கே இல்லை என்று அவரும் சொல்லவில்லை.